எழுதியவனுக்கே சொந்தம்

எங்கள் வெப்சைட்டில் இருந்த அந்தப் படிவத்தில் என்னென்ன கேள்விகள் இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான். நோயாளியின் பெயர், வயது, என்ன நோய், என்ன மருந்து. தானாக எழுந்து நடக்க முடியுமா. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் இருக்க மாட்டார்கள். கதவைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் சாவி எங்கே இருக்கும். பதினெட்டு வருஷம் மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் நான். பக்கவாதம் வந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதென்றால் இதெல்லாம் தெரியாமல் முடியாது. ஒரு கேள்விகூட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையை விட்டுவிட்டு நானும் என் தோழியும் சேர்ந்து இந்தச் சேவையைத் தொடங்கியிருந்தோம். அவளும் நர்ஸ்தான். அவள் ஊர் கொள்ளேகால், என் ஊர் ராமாபுரம், இரண்டும் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். ஒரே வார்டில் பத்து வருஷம் ஒன்றாக வேலை செய்தவர்கள். குவெம்புநகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஓர் அறை எடுத்தோம். பதினான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்து, படுக்கையிலிருப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது, மூக்குக்குழாய் வழியாக எப்படி ஆகாரம் கொடுப்பது என்று நாங்களே சொல்லிக்கொடுத்தோம். பெற்றோரை மைசூரில் விட்டுவிட்டு பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள்தான் எங்களை அதிகம் கூப்பிட்டார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "வெப்சைட் இருக்கா?"

தோழியின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் வெப்சைட் செய்துகொடுக்கும் ஒரு டெவலப்பரிடம் போனோம். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அப்பா ஃபாக்டரி வேலைக்காக மைசூருக்கு வந்தவர்; இவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழ் பேசினால் பாதி கன்னடம் வரும். விஜயநகரில் ஒரு சின்ன அலுவலகம், அதில் அவன் மட்டும். மரியாதையானவன். நாங்கள் போனால் எழுந்து நின்று நாற்காலி போடுவான்.

"டொமைன், சர்வர், மெயில், எல்லாம் நானே பாத்துக்கறேன் அக்கா. நீங்க பேஷண்ட்டைப் பாருங்க, அஷ்டே, அவ்வளவுதான். உங்களுக்கு ஏன் இந்தத் தலைவலி?"

எங்களுக்கும் அது தலைவலியாகத்தான் தெரிந்தது. அவன் கேட்டதை எல்லாம் கொடுத்தோம். எங்கள் புகைப்படங்கள், நர்ஸிங் பதிவுச் சான்றிதழ், சேவையின் பெயர். லெட்டர்ஹெட் போட வேண்டும் என்று என் கையெழுத்தை ஒரு வெள்ளைத்தாளில் வாங்கி ஸ்கேன் செய்துகொண்டான். ஆட்கள் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டையையும் அவனே வரைந்து கொடுத்தான். பேசிய தொகையை முழுதாகக் கொடுத்து முடித்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. எழுதிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. யாராவது படிவத்தை நிரப்பினால் ஐந்து நிமிஷத்தில் என் மெயிலுக்கு வந்துவிடும். பிறகு அது குறைய ஆரம்பித்தது. வாரத்துக்கு ஏழெட்டு வந்தது இரண்டு மூன்றாயிற்று. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று தோழி சொன்னாள். மழைக்காலத்தில்தான் வயதானவர்கள் அதிகம் விழுவார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டேன்.

ஒருநாள் காலை பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அவருடைய அப்பா சரஸ்வதிபுரத்தில் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. "போன வாரமே உங்க வெப்சைட்ல எல்லாம் எழுதி அனுப்பினேன். எப்போ ஆரம்பிக்கறீங்க?" என்றார். எங்களுக்கு எதுவும் வந்திருக்கவில்லை. மெயில் தவறிப்போயிருக்கும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முகவரி வாங்கி நானே நேரில் போனேன்.

பேராசிரியர் முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேல்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம், வீட்டுக்குள் தமிழ்தான். என் பெயரையும் சேவையின் பெயரையும் சொன்னதும் அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"உங்க மனுஷன் நேத்திக்கே வந்து பாத்துட்டுப் போயிட்டாரே. மறுபடியும் எதுக்கு?"

"யார் வந்தாங்க சார்?"

"நாப்பது வயசு இருக்கும். நீலச் சட்டை. உங்க கார்டு மாட்டிண்டிருந்தார். பிபி பாத்தார், ஃபைலையெல்லாம் ஃபோட்டோ எடுத்துண்டார், ரூம் ரூமாப் போய்ப் பாத்தார். திங்கக்கிழமைலேர்ந்து ஆள் வரும்னார்."

"கதவை யார் சார் திறந்தது? நீங்க எழுந்திருக்கக் கூடாதே?"

"நான் எங்கே திறந்தேன்? அவரே திறந்துண்டு வந்தார். சாவி ஷூ ராக்குக்குப் பின்னாடி இருக்குன்னு நீங்கதான் சொல்லி அனுப்பிச்சேள்னாரே."

நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஒன்றும் போகவில்லை. வந்தவர் மிகவும் பண்பானவர், போகும்போது குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் என்றார். நான் வெளியே வந்து மகளுக்குப் போன் செய்து இன்றைக்கே பூட்டை மாற்றச் சொன்னேன். பூட்டுக்காரர் வந்து வேலையை முடிக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்தேன்.

அறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் தோழி தன் போனை எடுத்து எங்கள் வெப்சைட்டைத் திறந்தாள். எங்கள் படங்கள், எங்கள் பெயர், எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவள் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். கற்பனையாக ஒரு மாமியார், எண்பது வயது, படுத்த படுக்கை, காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை தனியாக இருப்பார் என்று எழுதினாள். சாவி பற்றிய கேள்வியை மட்டும் காலியாக விட்டாள். தன் கணவரின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினாள். அந்தப் போன் அன்று அவளிடம்தான் இருந்தது.

என் மெயிலுக்கு எதுவும் வரவில்லை. கால்மணி நேரத்தில் அந்தப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு ஆண் குரல், நல்ல கன்னடத்தில், எங்கள் சேவையின் பெயரைச் சொல்லி அங்கிருந்து பேசுவதாகச் சொன்னது. மாமியாரின் உடல்நிலையை அக்கறையாக விசாரித்தது. கடைசியில், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், சாவி எங்கே வைப்பீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லையே என்று கேட்டது.

தோழி போனை வைத்துவிட்டாள். அந்தச் சின்ன அறையில், எங்கள் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே, அந்த நம்பரையும் குரல் கேட்டதையும் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று மதியமே விஜயநகருக்குப் போனோம். டெவலப்பர் எப்போதும்போல எழுந்து நின்று நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொல்லி, எங்கள் பெயரில் பேசுவது யார் என்று கேட்டேன். அவன் மழுப்புவான், தெரியாது என்பான் என்றுதான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவன் மழுப்பவே இல்லை.

"அக்கா, சும்னே டென்ஷன் ஆகாதீங்க. நான் இப்போ இதை பிளாட்ஃபார்மா பண்ணிட்டேன். உங்களை மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க. யார்கிட்ட ஆள் ஃப்ரீயோ அவங்ககிட்டேருந்து அனுப்பறோம். உங்களுக்கும் வருதில்ல?"

"எங்க பேரைச் சொல்லி அனுப்பறியே!"

"உங்க பேர்ல வெப்சைட் நல்லா மேல வருது அக்கா. மாத்தினா கூகுள்ல கீழ போயிடும்."

"அது எங்க வெப்சைட். எங்க காசு கொடுத்துப் பண்ணினது."

அவன் ஒரு நிமிஷம் என்னை நிஜமாகவே புரியாதவன் மாதிரி பார்த்தான். "நீங்க பண்ணிக் கொடுக்கறதுக்குக் காசு கொடுத்தீங்க. கோடு, அதான் வெப்சைட்டை ஓட்டற புரோகிராம், என்னுது அக்கா. டொமைன், அந்த வெப்சைட் அட்ரஸ், என் பேர்ல இருக்கு. சர்வர் என்னுது. அதுல வர்ற டேட்டாவும் அங்கதானே இருக்கு? நான் திருடலையே. என் வீட்ல இருக்கறதை நான் யூஸ் பண்றேன்."

"ஒரு பெரியவர் எழுந்து நடக்க முடியாம படுத்திருக்கார். உன் ஆள் சாவி எடுத்துத் திறந்து உள்ள போயிருக்கான்."

"அவர் கஸ்டமர் சர்வீஸ் அக்கா. நல்ல மனுஷன். அந்தக் கேள்வியை ஃபார்ம்ல போடச் சொன்னதே நீங்கதானே?"

நான் திரும்பி வெளியே நடந்தேன். படியிறங்கும்போது தோழி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழே வந்து என் போனில், படங்களை மாற்ற நாங்கள் நுழையும் வெப்சைட்டின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்ட் தவறு என்றது. காலையில்கூட அதே பாஸ்வேர்ட் வேலை செய்தது.

மறுநாள் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். தோழியின் அண்ணனுக்கு நிலத் தகராறில் வாதாடியவர். சேலத்துக்காரர், மைசூரில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"கோடு எல்லாம் எங்களுக்கேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அவன் உங்ககிட்ட மாசச் சம்பளத்துக்கு இருந்தானா?"

"இல்லை. இந்த ஒரு வேலைக்குத்தான்."

"அப்போ கோடு அவனோடதுதான். சம்பளத்துக்கு இருக்கறவன் எழுதினா முதலாளிக்குச் சொந்தம். வெளியாள்கிட்ட வேலையா கொடுத்தா, எழுதி வாங்காத வரைக்கும் எழுதினவனுக்குத்தான் சொந்தம்."

"வீடு கட்டின மேஸ்திரி வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆக மாட்டானே மேடம்?" என்று தோழி கேட்டாள்.

"வீட்டுக்கு அப்படி. இது கதை எழுதற மாதிரி. சட்டம் அப்படித்தான் பாக்குது." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆனா உங்க பேரை அவன் பயன்படுத்தக் கூடாது. உங்க போட்டோ, கையெழுத்து எதுவும் கூடாது. ஜனங்க நம்பி எழுதின விவரத்தை அவன் இஷ்டத்துக்கு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அதுக்கு நோட்டீஸ் விடலாம். சைபர் போலீஸ்ல புகார் கொடுங்க. ரெண்டும் செய்வோம். நாளாகும்."

எத்தனை நாளாகும் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து கிளம்பும்போது ஒன்று கேட்டார்: "அந்த ஃபார்ம்ல எழுதினவங்க லிஸ்ட் உங்ககிட்ட இருக்கா? முதல்ல அவங்களை உஷார்ப்படுத்துங்க."

லிஸ்ட் எங்களிடம் இல்லை. நாங்கள் ஆள் அனுப்பிய வீடுகளின் விவரம் நோட்டில் இருந்தது. என் மெயிலுக்கு வந்தவையும் இருந்தன. மெயில் நின்றுபோன பிறகு எழுதியவர்கள் யார், எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. தங்கள் வீட்டில் யார் படுத்திருக்கிறார், எப்போது தனியாக இருப்பார், சாவி எங்கே என்று என்னிடம் சொல்வதாக நினைத்து அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களை அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். எங்களிடம் இருந்த நம்பர்களுக்கெல்லாம் நானும் தோழியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். சிலர் திட்டினார்கள். சிலர் நாங்களே ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், வித்யாரண்யபுரத்திலிருந்து ஒரு பெண்மணி, பல மாதங்களுக்கு முன்பு விசாரித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர், ஆச்சரியமாகச் சொன்னார்: "உங்க ஆளுதானே இப்போ எங்க வீட்ல இருக்காங்க? மூணு வாரமாச்சே. வெப்சைட்ல மறுபடி எழுதினேன், மறுநாளே வந்துட்டாங்க."

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. சாயங்காலம்தான் வீடு திரும்புவார் என்றதால் அவரிடம் சொல்லிவிட்டு நான் உடனே கிளம்பினேன். கதவைத் திறந்தது முப்பத்தைந்து வயதுப் பெண். கழுத்தில் எங்கள் அடையாள அட்டை. அட்டையின் அடியில் என் கையெழுத்து. அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறை சொல்ல முடியாது, என் கையெழுத்தேதான்.

நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"அய்யோ, வாங்கக்கா. உங்க போட்டோவ போன்ல பாத்திருக்கறனுங்க. நீங்களே பாக்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க."

அந்தப் பேச்சு என் ஊர்ப் பேச்சு. எந்த ஊர் என்று கேட்டேன். ஹனூரைத் தாண்டி ஒரு கிராமம் சொன்னாள். ராமாபுரத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.

"யாருகிட்டம்மா வேலை செய்யற?"

"உங்ககிட்டத்தானுங்க," என்றாள்.

இதற்குமுன் அவள் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். நீலச் சட்டைக்காரர் அட்டையைக் கொடுத்து, அம்மாவுக்குச் சோறூட்டித் துணி மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா ஒருநாள் வந்து சொல்லித்தருவார் என்றிருக்கிறார்கள். அந்த அக்கா நான்தான்.

உள்ளறையில் ஆசிரியையின் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அறைக்குள் நுழைவதற்கு முன்பே வாடை எனக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் பழகிய வாடை. போர்வையை விலக்கி மெல்லப் புரட்டினேன். இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது.

"செவந்துதானுங்க இருந்துச்சு மொதல்ல. பவுடர் போட்டு வெச்சனுங்க. பேசாம படுத்திருந்தா ஆறிடும்னு அசைக்காம விட்டுட்டனுங்க. தப்புங்களா அக்கா?"

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெந்நீர் வைக்கச் சொன்னேன். கைப்பையில் பாட்டிலில் இருந்த உப்புத் தண்ணீராலும் துணியாலும் புண்ணைச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்ட வேண்டும், தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். கற்றுக்கொள்ளக்கூடியவள். ஒரு வாரம் எங்களிடம் வந்திருந்தால் போதும். அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார்.

ஆசிரியை பாதி நாளில் விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். புண்ணைப் பார்த்தார். டெவலப்பர், வெப்சைட், கோடு என்று நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஏறவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. அட்டையைப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா இல்லையா?"

"என் கையெழுத்துதான் மேடம். ஆனா..."

"அப்போ போங்க. ரெண்டு பேரும் போங்க."

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். வண்டியில் ஏற்றும்போது பிடிக்கப் போனேன்; அவர் விடவில்லை. ஹனூர்க்காரி தெருவில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களோடு வா, வேலை கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். என்னை அவள் பார்த்த பார்வையில் முதலில் இருந்த மலர்ச்சி இல்லை. நான் சொன்னதில் எது நிஜம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் நம்பரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துபோனாள்.

ஆசிரியையின் அம்மா மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்து வீடு திரும்பினார் என்று, அங்கே வேலை செய்யும் பழைய சகா ஒருத்தி மூலம் கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.

நோட்டீஸ் போனது. ஒன்றரை மாதம் கழித்து அந்த வெப்சைட்டிலிருந்து எங்கள் பெயரும் படங்களும் மறைந்தன. அதே இடத்தில் வேறொரு பெயர் வந்தது. மற்றதெல்லாம் அப்படியே ஓடுகிறது. எழுதியவனுக்குச் சொந்தமானதை எடுக்கச் சொல்ல முடியாது என்றார் வக்கீல். படிவம் வழியாக அவனிடம் சேர்ந்துபோன விவரங்கள் பற்றிய புகார் தனியாக நடந்துகொண்டிருக்கிறது. நாங்களும் எங்கள் பெயரை விட்டுவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டு யாராவது கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கே வந்துவிட்டது. பலகையை இறக்கி, புதுப் பெயர் எழுதி மாட்டினோம். பதினான்கு பெண்களில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வெப்சைட் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஹனூர்க்காரி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, நானுங்க. வேற வழி இல்லாம மறுபடி அவங்ககிட்டயே வந்துட்டனுங்க. இப்ப வேற வீட்ல இருக்கறன். இங்க ஒரு பெரியவரு. சாப்பாடு எறங்க மாட்டேங்குதுங்க. குடுத்தா இருமறாரு. மூச்சுல ஏதோ சத்தம் வருதுங்க. என்ன பண்றதுங்க?"

"படுக்க வெச்சு எதுவும் கொடுக்காத. உடனே நிமிர்த்தி உட்கார வை. வாயில இருக்கறதைத் துடைச்சு எடு. அந்த வீடு எங்கம்மா இருக்கு? நான் வர்றேன்."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாங்க."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாருமில்லீங்க. அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க."

நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னாள். போனை அவர் வாய்ப்பக்கம் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. நூற்றெட்டுக்குப் போன் செய், முகவரியை அவர்களிடமாவது சொல், இப்போதே சொல் என்று கத்தினேன். "சரிங்கக்கா" என்றாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். சாயங்காலம்வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு போன் அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. நம்பரைப் போலீஸில் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் யார், மைசூரில் எந்தத் தெரு, அவளால் முகவரியைச் சொல்ல முடிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.